தெற்கு ஜகதியின் மூன்றாவது கல்

போன மாசம் ஒரு பழைய கோயிலில் வேலை நடக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். புதுசாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் என்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று இன்ஜினியர் புவனா சொன்னாள். என் மகள் வயசு அவளுக்கு. அங்கே மூன்று காலில் ஒரு கருவி நின்றுகொண்டு தானாகவே சுற்றியது. சுவரில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் அளந்து கம்ப்யூட்டரில் போட்டுவிடுமாம்.

"எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு இது மறக்கவே மறக்காதும்மா" என்றாள் புவனா.

"கல்லைக் குளிப்பாட்டிட்டாக் கூடவா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் சாரத்து மேலே இருந்த ஆள் இறங்கி வந்து என்ன என்று கேட்டான். "இதை அப்படியே எழுதிக் குடுங்கம்மா, வேலைக்கு வர்றவங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றாள் புவனா. எழுதியிருக்கிறேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். பிழைகளை என் மருமகள் திருத்தினாள். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

என் பேர் அஞ்சலை. ஊர் தாமல். எங்கள் தெருவில் யாருக்கும் காணி நிலம் கிடையாது, நாற்று நடுவதும் களை எடுப்பதும்தான் வேலை. கல்யாணமான இரண்டாம் வருஷம் கோயில் வேலைக்குச் சித்தாளாகப் போனேன். முதல் சில வருஷம் சுண்ணாம்பு அரைத்ததும், கடுக்காய்த் தண்ணீர் ஊற வைத்ததும், ஈரச் சாக்கு போட்டதும்தான். அதைச் சொன்னால் வளரும். எங்கள் அப்பா காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நான் கருவறைக்கு நேர் மேலே ஏறி நின்று கலசத்தைக் கழற்றியிருக்கிறேன். படி வழியாக விடாதவர்கள், சாரத்து வழியாகப் போனபோது ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுக்கு ஓவர்சியராக வந்தவர் கரீம் சார். ஆற்காட்டுக்காரர். என்னைவிட நாலைந்து வயசுதான் பெரியவர். சத்தம் போட்டு ஒரு நாளும் பேசினதில்லை. எந்தக் கல்லைப் பார்த்தாலும் முதலில் நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். கணீர் என்று வந்தால் நல்ல கல். பொத்தென்று வந்தால் உள்ளே விரிசல். மனுஷர்களிடமும் அதே மாதிரிதான். ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் எப்படி வருகிறது என்று கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்.

கோயிலை அவர் காலிலிருந்துதான் சொல்லிக் கொடுத்தார். தரையோடு படுத்திருக்கிற பலகைக் கல் உபானம். அதன் மேலே நெட்டுக்குத்தாக, உயரமாக நிற்கிற வரிசை ஜகதி. அதன் மேலே உருண்டு திரண்டு வெளியே வருவது குமுதம். அப்புறம் உள்ளே ஒடுங்குகிற இடம் கண்டம். அதன் மேலே பட்டையாக நீட்டிக்கொண்டிருப்பது பட்டிகை. இந்த ஐந்தும் சேர்ந்தால் அதிட்டானம். அதற்கு மேலேதான் சுவர். சுவருக்குப் பாதம் என்று பேர், கூரை வரிசைக்குப் பிரஸ்தரம், அதற்கு மேலே கழுத்து, தலை, உச்சியில் கலசம்.

"சுவருக்குப் போயி பாதம்னு பேரு வெச்சாங்களா? அப்ப கீழ இருக்கிறது என்னா, செருப்பா?" என்று கேட்டாள் முனியம்மா. என் கூட வேலை செய்தவள். அவளுக்கு வாய் ஓயாது.

கரீம் சார் யோசித்துவிட்டு, "செருப்பு இல்லைங்கம்மா. பீடம். ஆனா நீங்க சொல்றது நினைவு வெச்சுக்க நல்லா இருக்குது" என்றார்.

குமுதத்துக்கு முனியம்மா வைத்த அடையாளம், இரண்டு பிள்ளை பெற்றவள் புடவைக் கட்டுக்கு மேலே பிதுங்குகிற வயிறு. அதை அவர் எதிரில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பெண்களில் ஒருத்தியும் அதற்கப்புறம் குமுதத்தைக் கண்டத்தோடு குழப்பினதில்லை.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஏரிக்கரை ஊர் ஒன்றில் சின்ன சிவன் கோயில். சோழர் காலத்துக் கட்டு என்றார்கள். ஊர்ப் பேர் வேண்டாம். மேலே இருந்த செங்கல் கட்டு எப்போதோ விழுந்துவிட்டது. ஏரி ஈரத்தில் தெற்குப் பக்கம் மண் இறங்கி அதிட்டானம் சாய்ந்து நின்றது. கல்லைப் பிரித்து, அடியைக் கெட்டி பண்ணி, அதே கல்லை அதே இடத்தில் மறுபடி வைக்க வேண்டும்.

பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நான்கு பக்கமும் படம் வரைந்து, கல்லுக்குக் கல் நீளம் அளந்து நோட்டில் எழுத வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். அப்புறம் கல்லின் மேல் படுகையில், அதாவது கட்டினால் வெளியே தெரியாத முகத்தில், எண் போட வேண்டும். தெற்கு, ஜகதி, மூன்று என்றால் "தெ ஜ 3". இரண்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்து திரும்ப வந்தது இந்தக் கற்களால்தான். எண்ணை முதலில் காவியைத் தண்ணீரில் கரைத்து எழுதுவோம், தப்பிருந்தால் துடைக்கலாம் என்று. நோட்டோடு ஒத்துப் பார்த்துச் சரி என்றானதும் அதன் மேலேயே பெயிண்டால் எழுதுவோம். அதற்கப்புறம் அது போகாது.

சுவர்க் கற்களுக்குப் பெயிண்ட் போட்டாகிவிட்டது. உபானத்தைத் தரையை விட்டு எடுக்கவில்லை. ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை நான்கும் சேர்ந்து தொண்ணூற்றாறு கல். அவற்றுக்குக் காவி மட்டும்தான் போட்டிருந்தோம். அந்த நேரத்தில் மழை பிடித்து ஏரி ததும்பியது. வரிசையாகப் பரப்பியிருந்த கற்களுக்குக் கீழே தண்ணீர் வர ஆரம்பித்தது. ஆண்கள் அவசர அவசரமாக உருளைக் கட்டையில் தள்ளி மேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எது எங்கே போனாலும் கவலையில்லை, எண்தான் இருக்கிறதே என்று எல்லோரும் நினைத்தோம். நல்ல வேளையாக எண் மேல் மழை படவில்லை, தார்ப்பாய் போட்டிருந்தோம்.

கரீம் சார் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். போகும்போது பெயிண்ட் டப்பாவை என் கையில் கொடுத்தார். "அஞ்சலையம்மா, காவி மேலயே எழுதிடுங்க. நீங்க எழுதினா நான் எழுதின மாதிரி." அந்த ஒரு வார்த்தை எனக்குத் தலையில் ஏறிவிட்டது.

மறுநாள் ஆயுத பூசை. கடப்பாரை, சட்டி, கயிறு, கல் தூக்குகிற செயின் பிளாக் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தோம். அப்போது நான்தான் சொன்னேன்: "சாமி உட்கார்ற கல்லு இப்பிடி மண்ணும் பாசியுமா கிடக்குதே, இதைக் கழுவாம கடப்பாரைய மட்டும் கழுவினா என்னா பூசை?" எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. இன்னொரு யோசனையும் எனக்கு இருந்தது. அழுக்குக் கல்லில் பெயிண்ட் ஒட்டாது. கழுவிவிட்டு எழுதினால் நின்று பிடிக்கும்.

ஒன்பது பெண்கள். ஏரித் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. தென்னை நாரை வைத்துத் தேய்த்தோம் பாருங்கள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து விடுகிற மாதிரி. ஆண்கள் நெம்பிப் புரட்டிக் கொடுக்க, படுகையில் ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்பைக் கூடக் கொத்துக் கரண்டியால் சுரண்டி எடுத்தோம். மத்தியானத்துக்குள் தொண்ணூற்றாறு கல்லும் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தன. விபூதிப் பட்டை, குங்குமம், பொரிகடலை, சுண்டல் எல்லாம் ஆயிற்று.

சாப்பிட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு முதல் கல்லுக்கு முன்னால் குந்தினேன். காவி மேலேயே எழுத வேண்டும். காவி எங்கே?

அடுத்த கல்லுக்குப் போனேன். அதற்கடுத்த கல்லுக்கும். பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் என் புடவையில் சொட்டிக்கொண்டே வந்தது. முனியம்மா தூரத்தில் இருந்து, "என்னாடி, பொண்ணு பார்க்க வந்தவ மாதிரி ஒண்ணொண்ணா நின்னு பார்த்துக்கினு இருக்கே?" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகமும் மாறியது.

"அய்யய்யோ அஞ்சலே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கரீம் சார் வந்தார். கல்யாண லட்டு ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். கற்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒன்றைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார்.

"யாரு கழுவினது?"

"நான்தான் சார். அவங்களை நான்தான் கழுவச் சொன்னேன்."

மூன்றாவதாக ஒரு கல்லைத் தட்டினார். "நல்லா கழுவியிருக்கீங்க" என்றார். அப்புறம், "டீ சொல்லுங்கம்மா" என்றார்.

டீயைக் குடித்துக்கொண்டே நிலைமையைச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். போட்டோ எடுத்த பிலிம் அவரிடம்தான் போயிருக்கிறது. கற்கள் இடம் தெரியாமல் கிடப்பதைப் பார்த்தால் புதுக்கல் வைத்துக் கட்டச் சொல்லிவிடுவார். அவர் இதற்கு முன்னால் வேறு ஓர் இடத்தில் அப்படிச் சொன்னவர்தான். ஜகதியிலும் குமுதத்திலும் சுற்றி ஓடுகிற கல்வெட்டு எழுத்தெல்லாம் மதில் ஓரத்தில் குப்பையாகக் கிடக்கும்.

"சார், நான் வேலையை விட்டுடறேன். நீங்க எம் பேரைச் சொல்லிடுங்க" என்றேன்.

"நீங்க போயிட்டா யாரும்மா தேடுவாங்க? கழுவின கைக்குத்தான் கல்லு தெரியும்" என்றார். நோட்டை விரித்தார்.

முதல் நாள் கற்களை இனம் பிரித்தோம். அதில் கஷ்டமே இல்லை. நெட்டுக்குத்தானது ஜகதி, பிதுங்கினது குமுதம், ஒடுங்கினது கண்டம், பட்டையானது பட்டிகை. நான்கு குவியல். நோட்டில் இருந்த நீளத்தை வைத்து, தனி நீளமாக இருந்த கற்கள் இடத்தைப் பிடித்தன. ஒரே நீளமாக இருந்தவைதான் பாக்கி. பாசி இருந்தால் வடக்குப் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் நாங்களே நார் வைத்துத் தேய்த்துவிட்டோமே. ஆனால் நார் எதையெல்லாம் எடுக்கும், எதை எடுக்காது என்று எனக்குத் தெரியும். விளக்கு எண்ணெய் இறங்கின கறுப்பு போகவில்லை, அது தெற்கே தட்சிணாமூர்த்திக்குக் கீழே இருந்த கல். அபிஷேகத் தண்ணீர் கோமுகி வழியாக விழுந்து வெள்ளை பூத்த கற்கள் வடக்கே. ஆட்கள் கை வைத்து ஏறி ஏறி வழவழப்பானது கிழக்கு வாசல். கண்ணாலே பார்த்ததைவிட உள்ளங்கையால் தடவிப் பார்த்ததுதான் அதிகம். கண்டமும் பட்டிகையும் இப்படியே அமைந்துவிட்டன.

ஜகதியும் குமுதமும்தான் முரண்டு பிடித்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு ஜகதிக் கல்லின் மேல் படுகையைத் தடவிக்கொண்டிருந்தேன். விரலில் கோடு தட்டியது. உளி போட்ட சின்னக் கோடு. பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டு. அடுத்த கல்லில் தடவினேன். ஐந்து.

"சார், இங்க வாங்க. இதை நம்ம போட்டோமா?"

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். முகத்தைக் கல்லுக்குக் கிட்டே கொண்டுபோனார். "இல்லம்மா. இது கட்டினவங்க போட்டது" என்றார்.

அந்தக் காலத்துத் தச்சர்களும் கல்லை வேறெங்கோ செதுக்கி, எண் போட்டு, கொண்டுவந்துதான் அடுக்கியிருக்கிறார்கள். தெற்குக்கு நேர்க்கோடு. மேற்குக்குப் பெருக்கல் குறி. வடக்குக்குப் பிறை. கிழக்குக்குக் குழி. எத்தனையாவது கல்லோ அத்தனை. மேலே சுண்ணாம்பு மூடியிருந்ததால் இத்தனை காலமும் யார் கண்ணிலும் படவில்லை. நாங்கள் சுரண்டினோம் பாருங்கள், அதனால் தெரிந்தது.

முனியம்மாவுக்கு வாய் திரும்ப வந்தது. "அன்னிக்கே தெரிஞ்சுதான் கழுவச் சொன்னேன்னு சொல்லிடுடி. நாங்க ஒம்போது பேரும் சாட்சி."

புதன்கிழமை மத்தியானம் சுண்ணாம்பு வைக்காமல் எல்லாவற்றையும் தரையில் அடுக்கிப் பார்த்தோம். இடைவெளி இல்லாமல் சேர்ந்தது. நான்கு மூலையும் கூடியது. கரீம் சார் இரண்டு சுற்று வந்துவிட்டு லட்டு டப்பாவைத் திறந்தார். மூன்று நாளாக யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை அவருக்கு.

வியாழக்கிழமை ஜீப்பில் பெரிய அதிகாரி வந்தார். கூடவே கல்வெட்டு படிக்கிற வயசான ஒருவரும் வந்தார், கண்ணாடி நூலில் தொங்கியது. போட்டோச் சுருளில் தெற்குப் பக்கம் மட்டும்தான் தெளிவாக விழுந்திருந்ததாம். அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு தெற்குப் பக்கம் நடந்தார். நின்றார்.

"ஜகதி மூணாவது கல்லும் அஞ்சாவது கல்லும் இடம் மாறியிருக்குது."

அவர் சொன்னது சரிதான். போட்டோவில் மாறித்தான் இருந்தது. இரண்டும் ஒரே நீளம், ஒரே நிறம்.

"ஒரு பக்கத்துலயே ரெண்டு தப்புன்னா, மத்த பக்கம் சரின்னு எதை வெச்சு நம்பறது? புதுக்கல்லுக்கு எழுதிடறேன்" என்றார்.

முனியம்மா என் முழங்கையை இடித்தாள். "மாத்தி வெச்சுட்டோம்னா முடிஞ்சுதுடி. போட்டோ மாதிரியே வெச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

அது எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்தக் கல்லில் மூன்று கோடு இருந்தது. என் விரல் அதைத் தடவியிருக்கிறது. நான் கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னேன்: "அய்யா, தப்பு எங்களுது இல்லைங்க. மூணு கோடு போட்டவன் மூணாவது இடத்துக்குத்தான் போட்டிருக்கான். நடுவுல எப்பவோ பழுது பார்த்த எவனோ மாத்தி வெச்சிருக்கான். போட்டோ அந்தத் தப்பைத்தான் புடிச்சிருக்குது."

அதிகாரி என்னைப் பார்க்காமல் கரீம் சாரைப் பார்த்தார். "இருந்தது இருந்தபடி வைக்கணும். அதுதானே விதி?"

கரீம் சார் அதே மெதுவான குரலில், "எப்ப இருந்தபடி சார்?" என்று கேட்டார்.

நான் குந்தி, இரண்டாவது கல்லும் மூன்றாவது கல்லும் சேருகிற இடத்தைக் காட்டினேன். எனக்கு அந்தக் காலத்து எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கல்லில் பாதி எழுத்து அறுந்து நிற்கிறது, அடுத்த கல்லில் மீதிப் பாதி தொடங்குகிறது. பட்டுப் புடவையில் உடலும் கரையும் சேருகிற இடத்தில் பூ பிசகாமல் சேருகிற மாதிரி சேர்ந்திருந்தது. "இதை மட்டும் பாருங்கய்யா" என்றேன்.

கல்வெட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். வேட்டி சேறாவதைப் பார்க்கவில்லை. விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஒருமுறை. திரும்ப முதலிலிருந்து. அவர் உதடு மட்டும் அசைந்தது.

"இத்தனை நாளா இந்தக் கல்வெட்டுல சொல்ற விளக்கைச் சாத்தன்னு ஒருத்தன் குடுத்தான்னு எழுதி வெச்சிருக்கோம்" என்றார் எழுந்து. "வாக்கியம் அதுக்கு மேல ஓடாது. கல்லு தேஞ்சிருக்குதுன்னு விட்டுட்டோம். இப்ப ஓடுது. சாத்தன் இல்லை. சாத்தன் பெருநங்கை. பொம்பளை. சந்திரனும் சூரியனும் இருக்கிற வரைக்கும் எரியட்டும்னு விளக்கு வெச்சிருக்கா." அதிகாரியிடம் திரும்பி, "இந்தக் கல்லுங்களைத் தொடாதீங்க. எப்பிடி இருக்குதோ அப்பிடியே ஏத்துங்க" என்றார்.

அதிகாரி போட்டோவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பேனாவைத் திறந்து கரீம் சாருடைய படத்தில் இரண்டு கல்லுக்கும் நடுவே அம்பு போட்டார். "யார் கண்டுபிடிச்சதுன்னு எழுதணுமே" என்றார்.

"அஞ்சலையம்மா" என்றார் கரீம் சார். நாங்கள் என்று சொல்லவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ நல்லது செய்திருக்கிறார்கள் எனக்கு. இதை மட்டும் நான் தனியாக வைத்திருக்கிறேன்.

அடி கெட்டியான பிறகு, ஜகதியை ஏற்றுகிற அன்றைக்குத் திரும்ப வந்தார் அதிகாரி. செயின் பிளாக்கில் தொங்கிய மூன்றாவது கல்லை இடத்துக்கு நேராகக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். ஒரு கை குறைந்தது. அவரே சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். இழுக்கிற பாட்டை எப்போதும் முனியம்மாதான் எடுத்துக் கொடுப்பாள். அன்றைக்கு அவள் சாமி பேரையும் சொல்லவில்லை, ஊர்ப் பேரையும் சொல்லவில்லை.

"பெருநங்கை வந்தா" என்றாள்.

"ஐலசா" என்றோம்.

"விளக்கு கொண்டாந்தா."

"ஐலசா."

"வெச்ச எடம் தெரியாம..."

"ஐலசா."

"தேடிக்கினு நின்னா."

கல் அசைந்து, தயங்கி, இரண்டாவது கல்லோடு போய் ஒட்டி உட்கார்ந்தது. இழுக்க வேண்டியது முடிந்துவிட்டது. முனியம்மா பாட்டை நிறுத்தவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதிகாரியும் கயிற்றை விடவில்லை, "ஐலசா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.